இரண்டாவது விசில்

காற்று நின்றபாடில்லை. கண்மாயில் தண்ணீர் கிடந்த நாளில் அலையோடு விளையாடிப் பழகிய காற்று, பங்குனி வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த தரையில் வேறொன்றும் அகப்படாமல் சோணைமுத்துவின் வேட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தது. மடித்துக் கட்டினால் அவிழ்த்தது, அவிழ்த்துவிட்டால் தூக்கியது. எழுபதை எட்டப்போகிற மனிதரிடம் இத்தனை உரிமை எடுத்துக்கொள்ள இதென்ன கட்டின பெண்டாட்டியா என்று நினைத்தார். நினைத்த கையோடு கட்டின பெண்டாட்டி எங்கே என்று பார்த்தார். குருவம்மாள் தீயணைப்பு வண்டியின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையாக நடிக்கிற துணிப்பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு வெற்றிலை மென்றாள். வண்டிக்கு எதிரே, கண்மாயின் நட்டநடுவில், ஒற்றையாக ஒரு ஓலைக்குடிசை. எரிப்பதற்கென்றே கட்டிய குடிசை. காற்று நின்றதும் அதைப் பற்றவைக்க வேண்டும், அது எரிகிறதைப் படம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. ஆனால் ஒரே ஒரு குடிசை. எரிந்ததை அணைக்கலாம், எரியாததாக ஆக்க தீயணைப்பு நிலையத்தில் வண்டி கிடையாது. "காத்து நிக்காம பத்த வைக்க மாட்டேன்யா, சொல்லிட்டேன். உங்க குடிசையோட நிக்காது, அந்தக் கருவக்காடு பூரா ஏறிப் போயிரும்" என்று நிலைய அலுவலர் பாக்கியநாதன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார்: இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் அடுத்த வருஷம் வண்டி வராது. சோணைமுத்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய பழைய விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தவர்கள் பையை வாங்கிக்கொண்டார்கள், விசிலைக் கேட்கவில்லை. இன்று இந்தக் கண்மாய்க்குள் அந்த விசில்தான் சட்டம். பஸ்ஸில் இருந்த மாதிரியே: ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. இரண்டு விசில் கேட்டால் பாக்கியநாதனின் ஆள் பந்தத்தைக் கூரையில் வைப்பான். அது வரைக்கும் காற்று. மடியில் காலண்டர் தாள்கள் படபடத்தன, பின்பக்கமெல்லாம் பெட்டி பெட்டியாக அவர் வரைந்த படங்கள். ஏதோ ஒரு பெட்டி குறைகிறது என்று மனசு சொன்னது. என்ன பெட்டி என்று சொல்லவில்லை.

சொல்லாமல் உறுத்துகிற மனசு, செருப்புக்குள் போன முள் மாதிரி. கழற்றி உதறினால் ஒன்றும் விழாது, மாட்டிக்கொண்டு நடந்தால் குத்தும். மறுபடி முதல் தாளிலிருந்து பார்த்தார். போன வருஷம் இப்படித் தாளே கிடையாது. ஊர் மகளிர் குழுவுக்காக, கோடையில் குடிசை எரியாமல் காப்பது எப்படி என்று ஒரு வீடியோ. கதை யாரிடம் கேட்பது? சோணைமுத்து அண்ணனிடம். அவர் சொல்லாத கதையா? வாயாலேயே முழுப்படத்தையும் ஓட்டிக் காட்டினார், எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அதே சூட்டோடு கண்மாய்க்கு வந்து குடிசையைக் கொளுத்திவிட்டார்கள். ஆகா, என்ன எரிப்பு! மகளிர் குழு, தீயணைப்பு, வேடிக்கை பார்க்க வந்தவர்கள், ஆளுக்கொரு செல்போனில் எடுத்தார்கள். தண்ணீர் அடித்து அணைத்து, புளிச்சோறு பொட்டலம் பிரிக்கும்போதுதான் குருவம்மாள் கேட்டாள்: "ஆமா, நான் அந்த வீட்டுல இருந்த மாதிரி எப்ப எடுத்தீங்க?" யாரும் எடுக்கவில்லை. அவள் அடுப்பு மூட்டுகிறதை எடுக்கவில்லை, குழந்தையைத் தொட்டிலில் போடுகிறதை எடுக்கவில்லை. ஆளில்லாத ஒரு குடிசையைத் தீயணைப்புக்காரர்கள் சும்மா கொளுத்திச் சும்மா அணைத்த மாதிரி ஒரு வீடியோ. கடைத்தெருவில் இன்னமும் அவரைப் பார்த்தால், "என்ன அண்ணே, இந்த வருஷம் எதைக் கொளுத்துறோம்?" அதனால்தான் இந்தத் தடவை அருப்புக்கோட்டையிலிருந்து கல்யாண வீடியோ எடுக்கிற ரெஜினா வந்தாள். வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "அண்ணாச்சி, வாயால சொல்ற கதை எனக்கு வேணாம். ஸ்டோரிபோர்டு போட்டுக் குடுங்க. ஒவ்வொரு ஷாட்டும் ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள யாரு, எங்க நிக்கிறா, கேமரா எந்தப் பக்கம். அது இல்லாம நான் கேமரா மூடியத் தொறக்க மாட்டேன்." எனக்கு வரைய வராதும்மா என்றார். "மனுஷன்னு தெரிஞ்சாப் போதும்" என்றாள். குருவம்மாள் குறுக்கே விழுந்து, "இவரு வரைஞ்சா மனுஷன்னு தெரியாதே" என்றாள்.

தெரியத்தான் இல்லை. முதல் தாளில் குருவம்மாள் கத்தரிக்காய்க்குச் சேலை கட்டிய மாதிரி இருந்தாள். ஆனால் வரைய உட்கார்ந்தபோது நடந்த கூத்து வேறு. அதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. அவருடைய கதைகளில் தலைசிறந்தது பார்த்திபனூர் விலக்கு ரோட்டில் சூறாவளி பஸ்ஸைத் தூக்கிய கதை. தூக்கிக்கொண்டு போய் மானாமதுரை பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, இறங்க வேண்டியவர்களை எல்லாம் அவரவர் ஊரில் இறக்கிவிட்டு, அவர் ஒற்றை விசில் கொடுத்த பிறகுதான் காற்று பஸ்ஸைக் கீழே வைத்தது. இதை ரெஜினாவிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "சரி அண்ணாச்சி, இத எடுக்கணும்னா கேமரா எங்க? பஸ்ஸுக்குள்ளயா, தரையிலயா?" உள்ளேதான் என்றார். "உள்ள இருந்தா பறக்குறது தெரியாதே." அப்ப தரையில. "தரையில இருந்தா நீங்க பஸ்ஸுல இல்லியே, பறந்தது யாரு?" அடப் பாவி மகளே. இத்தனை வருஷமாக டீக்கடை டீக்கடையாகப் பறந்த பஸ்ஸை ஒரு கேள்வியில் தரையில் தட்டிவிட்டாளே! அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வாயில் இருக்கிற வரைக்கும் பஸ் எங்கே வேண்டுமானாலும் பறக்கும், கேட்கிறவன் முகத்தைப் பார்த்து ஒரு மலையைக்கூடத் தாண்டும். பெட்டி அப்படி விடாது. பெட்டி கேட்கும்: நீ எங்கே நின்றாய்? கதவு எந்தப் பக்கம்? போன பெட்டியில் இடுப்பில் இருந்த குடம் இந்தப் பெட்டியில் எங்கே போனது? பாவி, அவருடைய அம்மாகூட அவரை இப்படிக் குடைந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் உருப்பட்டிருப்பாரோ என்னவோ. வேண்டாம், உருப்பட்டவர்கள் முகத்தையெல்லாம் அவர் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போது பார்த்திருக்கிறார். ஒருத்தர் முகத்திலும் சந்தோஷம் கிடையாது.

காற்று ஒரு நிமிஷம் ஓய்ந்த மாதிரி பாவலாக் காட்டிவிட்டு மறுபடி புழுதியை அள்ளியது. வண்டி நிழலிலிருந்து குருவம்மாள் குரல் கொடுத்தாள்: "இங்காருங்க, எம்புட்டு நேரம் இந்தப் பிள்ளையத் தூக்கி வச்சிருக்கிறது? பசிக்கும்ல அதுக்கு." பொம்மைக்குப் பசியாம். "நீ வேணாப் பால் குடு" என்றார். "ம்க்கும், இந்த வயசுல பேச்சப் பாரு" என்று அவள் திரும்பிக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது, சிரிக்கிறாள். ரெஜினா குடைக்குக் கீழே கேமராவை ஈரத்துணியால் மூடிவிட்டு, "அக்கா, முகத்துல பவுடர் போடாதீங்க, அடுப்பூதுற முகம் எனக்கு வேணும்" என்றாள். "போடலத்தா, வேர்வதான்." பொய். காலையில் அவள் ரகசியமாகப் பவுடர் போட்டதை அவர் பார்த்தார். இருக்கட்டும். நல்லாத்தான் நடித்தாள். அவர் மறுபடி தாளைப் புரட்டினார். முதல் பெட்டி: குடிசை, வாசல், வாசலில் ஒரு கோழி கொத்துகிறது. கோழி இல்லாமல் அது வீடு மாதிரியே இல்லை, வைக்கோல் போர் மாதிரி இருந்தது, அதனால் போட்டார். அடுத்த பெட்டி: கோழி வாசல் வழியாக உள்ளே போகிறது. அதன் பின்னாலேயே கேமராவும் உள்ளே போகும். ரெஜினாவே, "அண்ணாச்சி, இது நல்லாருக்கே" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் நெஞ்சு குளிர்ந்துகொண்டிருந்தது. அதற்காகவே குருவம்மாள் வீட்டிலிருந்து அவளுடைய செவலைக் கோழியைப் பஞ்சாரத்தில் கொண்டுவந்தாள். அரிசியை உள்ளே இறைத்தார்கள். அது கழுத்தை வெட்டி வெட்டி, அழைத்த வீட்டுக்குப் போகிற சம்பந்தியம்மாள் மாதிரி, ஒரே தடவையில் உள்ளே போனது. அப்புறம் அடுப்புப் பெட்டி. சேலைத் தொட்டில் பெட்டி. அடுப்பை அணைக்காமல் அவள் எழுந்து போகிற பெட்டி. பொறி பறந்து ஓலையில் ஒட்டுகிற பெட்டி. குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடிவருகிற பெட்டி. எல்லாம் காலையில் எடுத்தாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் ரெஜினா சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடு இழுத்திருந்தாள். போன வருஷம் விட்டது ஒன்றுகூட விடவில்லை. பின்னே என்ன குறைகிறது? ஒன்றும் குறையவில்லை, போடா சோணைமுத்து, உனக்கு விசில் ஊதப் பயம், அவ்வளவுதான்.

கடைசித் தாளை எடுக்கக் கை கொஞ்சம் தயங்கியது. அதில் இரண்டே பெட்டி. குடிசை எரிகிறது, வெளியே வந்துவிட்ட பெண் உள்ளேயிருக்கிற தையல் மிஷினை எடுக்கத் திரும்பி ஓடுகிறாள். அடுத்ததில் ஒரு கை அவள் கையைப் பிடித்து நிறுத்துகிறது. முகம் வேண்டாம், கை மட்டும். இதற்குத்தான் வீடியோவே. வெளியே வந்தால் வந்ததுதான், எதற்காகவும் திரும்பப் போகாதே. மற்றக் கதையெல்லாம் வாயிலிருந்து வந்தது, இது மட்டும் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், வாடகைக்கு இருந்த தெருவுக்குப் பின்னால் வரிசையாகக் குடிசைகள். மத்தியானம். அவர் டூட்டி முடிந்து வந்து சோற்றில் கை வைத்திருந்தார். கூச்சல் கேட்டு ஓடினால் வரிசையே எரிகிறது. தையல்காரி ராக்கம்மா வெளியே நின்றிருந்தாள், முழுசாக, ஒரு காயமில்லாமல், இவர் கையெட்டும் தூரத்தில். என் மிஷினு, என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இவர் கையில் சோறு ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டுவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள், வெளியே வரவில்லை. எத்தனையோ கதை சொல்லிவிட்டார், காற்று, பஸ், அரை டிக்கெட் கேட்ட முதலை, இந்த ஒன்றை மட்டும் டீக்கடையில் எடுத்ததில்லை. இதில் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை, குறைத்துச் சொல்லவும் மனசில்லை. பெட்டி போட உட்கார்ந்த அன்று கை தானாக அந்தக் கையை வரைந்துவிட்டது. ஐந்து விரலும் வெண்டைக்காய் மாதிரி இருந்தாலும் அது பிடித்துவிட்டது. தாளில் பிடித்துவிட்டது. ரெஜினா பார்த்துவிட்டு, "இந்தக் கை யாரு கை அண்ணாச்சி? யார நிறுத்துறது?" என்றாள். "என் கைதாம்மா" என்றார். சரி என்று அவள் பெட்டிக்குக் கீழே எழுதிக்கொண்டாள். நல்ல பிள்ளை. கேமரா எங்கே என்று மட்டும்தான் கேட்கும், கண்ணீர் எங்கே என்று கேட்காது.

அப்போதுதான் காது அடைத்த மாதிரி இருந்தது. என்னவென்று பார்த்தால், காற்று நின்றுவிட்டது. வேட்டி காலோடு ஒட்டி விழுந்தது. மடியில் தாள்கள் அடங்கின. கருவேலங்காட்டில் ஓர் இலை ஆடவில்லை. பாக்கியநாதன் வாயில் விரலை வைத்து நனைத்து உயரத் தூக்கிப் பார்த்தார். "ஐயா, இதான் நேரம். விட்டா மறுபடி கெளம்பிரும்." தண்ணீர்க் குழாயை இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போய் நின்றார்கள். ஒருத்தன் குடிசைத் தட்டியை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்து, "ஆள் யாரும் இல்ல சார். அடுப்பு, மிஷினு, தொட்டிலு. எல்லாம் படத்துல உள்ளபடிக்கு இருக்கு" என்று கத்திவிட்டு வந்தான். ரெஜினா கேமராவின் ஈரத்துணியை எடுத்தாள். குருவம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு, கோடு கிழித்த இடத்தில் போய் நின்றாள். பந்தம் பற்றிக்கொண்டது. எல்லாரும் சோணைமுத்துவைப் பார்த்தார்கள். ஒரு பஸ் முழுக்கப் பயணிகள் ஏறி உட்கார்ந்து அவரைப் பார்க்கிற அதே பார்வை, போகலாமா? விசிலை வாயில் வைத்தார். ஒன்று ஊதினார். இரண்டாவதுக்கு மூச்சை இழுத்தார். மூச்சு உள்ளே போகிற அந்த இடுக்கில் முள் தட்டுப்பட்டது. படத்தில் உள்ளபடிக்குத் தொட்டில். தொட்டில் எப்படி இருக்கிறது? படத்தில் தொங்கிக்கொண்டு கனமாக இருக்கிறது, குழந்தை கிடப்பதால். குழந்தையைத்தான் தூக்கியாகிவிட்டதே. பொம்மை குருவம்மாள் கையில். வெறும் சேலை சப்பையாக அல்லவா தொங்க வேண்டும், படத்தில் உள்ளபடிக்கு எப்படி? கோழி வாசலில் கொத்துகிறது. கோழி உள்ளே போகிறது. அடுப்பு. தொட்டில். பொறி. ஓட்டம். கோழி வெளியே வருகிற பெட்டி எங்கே? அவர் வரையவில்லை. வரையாததால் எடுக்கவில்லை. எடுக்காததால் ஒருத்தரும் பார்க்கவில்லை. பஞ்சாரம் கவிழ்ந்து கிடக்கிறது, உள்ளே கோழி இருக்கிறது என்று குருவம்மாள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், குருவம்மாள் பார்த்திருப்பாள் என்று ரெஜினா. இழுத்த மூச்சு அப்படியே நின்றது. இரண்டாவது விசில் வரவில்லை.

ஒரு விசில் என்றால் நில். பந்தம் பிடித்தவன் கூரைக்கு ஒரு முழம் எட்டத்தில் நின்றான். பஸ்ஸில் எத்தனையோ வருஷம் ஏறிப் பழகியவன்தானே அவனும். "என்னய்யா, ஒண்ணோட நிறுத்திட்டீங்க?" என்று பாக்கியநாதன் கத்தினார். "உள்ள கோழி இருக்கு." "எது?" "கோழி, கோழி! தொட்டில்ல!" கண்மாயே சிரித்தது. குழாய் பிடித்தவன், "அண்ணே, கோழி மட்டுந்தானா? ஆனை கீனை ஏதும்?" என்றான். இன்னொருத்தன், "பறந்துக்கிட்டிருக்கா, உக்காந்திருக்கா?" என்றான். அவர் நாக்கு எடுத்த பேர் அப்படி. பஸ்ஸைப் பறக்கவிட்ட வாய் நெருப்பு என்று சொன்னால்கூடத் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார்கள். சிரிக்காதவள் ரெஜினா ஒருத்திதான். அவள் ஓடிவந்து அவர் மடியிலிருந்த தாளைப் பிடுங்கி, விரலை வைத்துப் பெட்டி பெட்டியாக ஓட்டினாள். விரல் இரண்டாவது பெட்டியைத் தாண்டி, கடைசி வரை போய், திரும்பி வந்தது. "கோழி உள்ள போயிருக்கு, வரல" என்றாள். "பந்தத்த அணைங்க சார்." அவருடைய வாயைக் கேட்டுச் சிரித்தவர்கள் அவருடைய கத்தரிக்காய்ப் படத்தைப் பார்த்துப் பந்தத்தை அணைத்தார்கள். குருவம்மாள் ஓடிப்போய்ப் பஞ்சாரத்தை நிமிர்த்தினாள். காற்றுதான் இருந்தது அதற்குள். "அடி ஆத்தி, எஞ் செவல!" என்று பொம்மையைத் தரையில் போட்டுவிட்டுக் குடிசைக்குள் போனாள். அப்புறம் ஒரு பெரிய கொக்கரிப்பு, அதைவிடப் பெரிதாக அவளுடைய வசவு. ஒரு கையில் கோழியும் ஒரு கையில் முட்டையுமாக வெளியே வந்தாள். முட்டை இன்னும் சூடாக இருக்கிறது என்று பாக்கியநாதன் கன்னத்தில் வைத்துக் காட்டினாள். அவர், "யம்மா, நான் யூனிபார்ம்ல இருக்கேன்" என்று பின்னால் நகர்ந்தார்.

அதற்குள் காற்று மறுபடி கிளம்பிவிட்டது. கிளம்பட்டும். சோணைமுத்துவுக்கு அவசரமில்லை. கால் மேல் கால் போட்டுக்கொண்டார். செருப்பில் முள் இல்லை. நாளைக்கு டீக்கடையில் இதை எப்படி எடுக்கலாம் என்று வாய் ஊறியது. கோழியை ஆடாக்கலாம். ஆட்டை, வேண்டாம், பசு, கன்று போட்ட பசு, பற்றி எரிகிற குடிசைக்குள் அவர் பாய்ந்து, ஒரு தோளில் பசு, ஒரு தோளில் கன்று. ஆனால் எழவு, தொட்டிலில் பசு எப்படி ஏறும்? கேமரா எங்கே? இனி ஆயுசுக்கும் இந்தக் கேள்வி விடாது போலிருக்கிறது. சரி, இது கோழியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ராக்கம்மா கதைக்குப் பக்கத்தில் கூட்டாமல் குறைக்காமல் இன்னொன்று. ரெஜினா காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து நீட்டினாள். "அண்ணாச்சி, அக்கா கோழியத் தூக்கிட்டு வெளிய வர்ற பெட்டி போட்ருங்க. தீ பிடிக்கிறதுக்கு முந்தி வரணும். காத்து நிக்கிறதுக்குள்ள எடுத்துருவோம்." அவர் வரைந்தார். வாசல். வாசலில் குருவம்மாள். அவள் கையில் கோழி. குருவம்மாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இதுல நான் எது, கோழி எது?" என்றாள். "சேல கட்டியிருக்கிறது நீ." "ரெண்டுக்குமில்ல கட்டி வச்சிருக்கீக." பார்த்தார். ஆமாம், இறக்கை அப்படி வந்துவிட்டது. அவள் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய், சொன்ன மாதிரியே ஒரே தடவையில் கோழியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ரெஜினா அந்தப் பெட்டிக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தாள். செவலை பஞ்சாரத்துக்குள் போனது. போனதை எல்லாரும் வரிசையாக வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பாக்கியநாதன் உட்பட. சோணைமுத்து கடைசித் தாளை எடுத்து மேலே வைத்துக்கொண்டார். எழுந்து போய், குருவம்மாளுக்கு அருகே, கோடு கிழித்த தன் இடத்தில் நின்றார். கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். நிழல் நீளத் தொடங்கியபோது வேட்டி காலோடு ஒட்டி விழுந்தது. இலை ஆடவில்லை. விசிலை வாயில் வைத்தார், ஒன்று ஊதினார், மூச்சை இழுத்து, மனசுக்குள் ஒரு மூலை விடாமல் தேடிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. இரண்டாவதையும் ஊதினார்.